தூக்கிய கை தொடர்பாக

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசியுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகமாகத்தான் இருக்கிறேன். அதைப் பற்றிய புகார்தான் இந்தக் கடிதம்.

என் அறுபத்தாறாவது பிறந்தநாளுக்கு நீ ஒரு சட்டைத்துணி தந்திருக்கலாம். பத்து முறை ஆழ்ந்த மசாஜ் செய்துகொள்ளச் சீட்டு வாங்கித் தந்தாய். என் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது, கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது என்பது உனக்குத் தெரியும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், லாரியைத் திருப்புவதுபோல முழு உடம்பையும் திருப்ப வேண்டும். அதனாலேயே, புகழ்ந்தாலும் திட்டினாலும் திரும்பிப் பார்க்காத மனிதர் என்று எனக்கு இந்தக் குடியிருப்பில் பெயர். ஒன்பது வருடம் சங்கத் தலைவராக இருந்தேன் என்றால், அதில் பாதி என் கழுத்தின் சாதனை.

மசாஜ் செய்பவர் ஒல்லியான மனிதர். முழங்கையை என் தோள்பட்டையில் ஊன்றிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்போல நின்றுவிட்டார். “ஐயோ, எலும்பு!” என்று அலறினேன்.

“எலும்பு இல்ல சார், இணைப்புத் திசு. தசையெல்லாம் உறை மாதிரி சுத்திப் பிடிச்சிருக்கும். அசையாம ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா இறுகிடும். மெதுவா, ஆழமா அழுத்தினா இளகிக் கொடுக்கும். சார் ரொம்ப நாளா எங்கயாவது உட்கார்ந்திருக்கீங்களா?”

“சங்கத் தலைவர் நாற்காலியில். ஒன்பது வருஷம்.”

“அதான்” என்றார். அந்த ‘அதான்’ எனக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாவது தடவையில் கை எழும்பிவிட்டது. அத்தோடு விட்டாரா? “அழுத்தினா மட்டும் போதாது சார், அசைச்சுக்கிட்டே இருக்கணும்” என்று என் கைபேசியில் மணிக்கு ஒருமுறை சேவல் கூவும்படி வைத்தார். கூவினால் கையை உயர்த்த வேண்டும். மூன்றே வாரத்தில், சேவல் சத்தம் கேட்டால் கை தானாகப் போகும் நிலைக்கு வந்துவிட்டேன். சலூனில்கூடப் போனது. முடிவெட்டுபவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன ஞாயிறு மாலை சங்கப் பொதுக்கூட்டம். செயலாளரான மூன்றாம் மாடிப் பல் டாக்டர் வருடா வருடம் கொண்டுவரும் அதே தீர்மானம்: தலைவரை மாற்ற வேண்டும். வருடா வருடம் பதினொரு கை எழும்பும், இருபத்து மூன்று பேரில் பதினொன்று போதாது, தீர்மானம் விழும், காபி குடித்துக் கலைவோம். வீடு திரும்பும்போது உன் அக்கா ஒரு பெருமூச்சு விடுவாள். நிம்மதியில் விடுகிறாள் என்று எண்ணியிருந்தேன். தன்னைப் பற்றிய தீர்மானம் வந்தால் தலைவர் மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் உட்கார வேண்டும். தூக்கிய கையை இறக்கினாலும் அது கணக்கிலிருந்து இறங்காது. இரண்டும் நான் எழுதிய விதிகள். முப்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்தவன் எழுதியது, ஓட்டையே கிடையாது.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க” என்றார் பல் டாக்டர். மணி ஆறு. என் சட்டைப் பையில் சேவல் கூவியது.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை டப்பாவை எட்டாத கை, கொடிக்கம்பம்போல எழுந்து நின்றது.

“பன்னிரண்டு!”

“இது ஓட்டில்லய்யா, உடற்பயிற்சி!”

“விதி பதினாலு, சார். நீங்க எழுதினதுதான். தூக்கினது தூக்கினதுதான்.”

“பெரிய மனசு சார் உங்களுக்கு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். தானாகப் பதவி துறந்த தியாகி என்று இப்போது ஊர்ப் பேச்சு.

என் ஆட்சியை எதிரி கவிழ்க்கலப்பா, உன் பரிசு கவிழ்த்துடுச்சு. என் திசுவுக்கு ஆரோக்கியம் வேணும்னு உன்கிட்ட யார் கேட்டா? இறுகினா இறுகிட்டுப் போகட்டும்னு விட வேண்டியதுதானே? இப்ப தண்ணி மோட்டார் நின்னா யாரும் என் கதவைத் தட்டறதில்ல. மாடிப்படியில பல் டாக்டர் “தோள் எப்படி இருக்கு?”ன்னு சிரிச்சுக்கிட்டே விசாரிக்கறார். அத்தனை பல்லையும் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு. ஆகவே, எஞ்சிய ஐந்து சீட்டுகளையும் திருப்பி எடுத்துக்கொண்டு, எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கும்படி கோருகிறேன்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உடல்நலம் நீங்கலாக எல்லா நலன்களும் உனக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
(முன்னாள் தலைவர்)

பின்குறிப்பு: உன் பரிசு கவிழ்த்தது என்று மேலே இருப்பதை அடித்துவிடவும். ‘பன்னிரண்டு’ என்றதும் மறுப்புச் சொல்ல எழுந்தேன். கழுத்து தன்பாட்டுக்குப் பின்னால் திரும்பிவிட்டது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் பின்வரிசையைப் பார்த்தேன். அங்கே எழும்பியிருந்த கைகளில் ஒன்றில் உன் அக்காவின் வளையல் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும், மிச்சச் சீட்டுகளை நீயே வைத்துக்கொள் என்று அவளிடம் நீட்டினேன். “எனக்கெதுக்குங்க? என் கை ஒன்பது வருஷமா நல்லாத்தான் தூக்குது” என்றாள்.