வில்ஃபின் சாவுக்கு எத்தனை லிட்டர் பாய்லர்?

தன் சாவுக்கு வருகிறவர்களுக்குத் தன் கையால் காய்ச்சிய பீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று வில்ஃப் ஓல்ட்ராய்ட் முடிவு செய்துவிட்டார். டப்பாவில் விற்கிற பாகைக் கரைத்துக் காய்ச்சும் சோம்பேறிப் பீர் இல்லை. முளைகட்டிய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்துக் காய்ச்சுகிற அசல் பீர்.

இதயத்தில் ஒரு வால்வு தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் சந்தேகம்தான் என்று பார்ன்ஸ்லி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். காலமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறிய மனுஷனுக்குக் கத்தி என்றதும் கதி கலங்கியது. அதை வெளியே சொல்வாரா? "மேலேருந்து கூப்பிட்டா போகவேண்டியதுதான்" என்று வீறாப்பாகப் பேசிக்கொண்டு திரிந்தார். மனைவி டோரீன் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் இரண்டையும் நிறுத்திவிட்டு, "சரி, பீர் காய்ச்சுங்க" என்றாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"எந்த சைஸ் பாய்லர் வாங்கறதுன்னுதான் யோசனை" என்றார் வில்ஃப்.

"இருபத்தஞ்சு லிட்டர் போதும்." அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்ன தெரியும்? இருபத்தஞ்சு லிட்டர் பாய்லர்ல இருபத்தஞ்சு லிட்டர் பீர் வராது. கொதிக்கறப்ப நுரை பொங்கும், அதுக்கு இடம் விடணும். ஆவியாப் போறது வேற. கடைசியில அரை லிட்டர் கிளாஸ்ல முப்பது தேறினா பெரிசு."

"முப்பதா? நிறைய மிஞ்சுமே."

"என்னடி சொல்ற? எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கற?"

"நீங்களே சொல்லுங்க."

"சுரங்கத்து ஆளுங்க."

"பாதிப் பேர் உங்களுக்கு முன்னாடியே போயிட்டாங்க."

"பேண்டு வாத்தியக் கோஷ்டி?"

"அவங்கதானே உங்க வாசிப்பைக் கேட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாங்க."

"என் தம்பி?"

"கும்பிட்டதே அவர்தான்."

வில்ஃபின் முகம் தொங்கிப்போனது. "எதிர்வீட்டு ஹோரஸ் வருவான்."

"கண்டிப்பா வருவாரு. உங்க பீரைக் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிக்கறதுக்காகவே வருவாரு."

ஊர்க் கண்காட்சியில் வீட்டுப் பீருக்கு வருஷா வருஷம் முதல் பரிசு ஹோரஸுக்குத்தான். இரண்டாவது வில்ஃப். போட்டிக்கு வருவதே பெரும்பாலும் இந்த இரண்டு பேர்தான் என்பது வேறு விஷயம்.

"அம்பது லிட்டர்" என்று மேஜையைத் தட்டினார் வில்ஃப்.

"வேண்டாங்க. மிஞ்சினதை நான்தான் சாக்கடையில கொட்டணும்."

"உன் புருஷன் சாவுக்கு ஊரே திரண்டு வரும்டி. அம்பது லிட்டர். ஒரு சொட்டு குறையக் கூடாது."

"உங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டாள் டோரீன். அந்த வாரமே எங்கோ விசாரித்து, பழைய ஐம்பது லிட்டர் பாய்லர் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஷெட்டில் வேலை தொடங்கியது. பார்லி நிரப்பிய துணிப்பை பாய்லரின் வெந்நீரில் ஊறியது. ஷெட் முழுக்க இனிப்பான வாசனை. டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து வில்ஃப் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இனி பையைத் தூக்கி வடித்துவிட்டு, மிச்சமிருக்கும் சாற்றைக் கொதிக்கவிட வேண்டியதுதான்.

சின்னப் பாய்லர் பையாக இருந்தால் சமாளித்திருப்பார். இதுவோ தண்ணீரைக் குடித்துக் குடித்து, குளத்தில் விழுந்த ஆடு மாதிரி கனத்தது. மூச்சைப் பிடித்து இழுத்தார். பை பாதி வந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பை மறுபடி உள்ளே விழ, அவர் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே சாகப்போகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வாசலில் டோரீன் டீயோடு நின்றாள். கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"விடுங்க. ஹோரஸைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்றேன்."

"அவனையா?"

"அவரே காய்ச்சியும் குடுத்துடுவாரு. நாளைக்கு நீங்க போனதும், பீர் பிரமாதமா இருக்கே, யார் காய்ச்சினதுன்னு நாலு பேர் கேப்பாங்க. ஹோரஸ்னு சொல்லிடறேன். அடக்கம் முடிஞ்சு சர்ச் ஹால்ல நின்னுக்கிட்டு பொய் சொல்ல முடியாது பாருங்க."

வில்ஃப் உள்ளே விழுந்த பையை எட்டிப் பார்த்தார். பாய்லரில் சாறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா இந்த மாதிரி மூட்டை தூக்கலாமா?"

"ஆறு மாசம் போனா தூக்கலாமாம். டாக்டரைக் கேட்டேன்."

"எப்ப கேட்ட?"

"பாய்லர் வாங்கறதுக்கு முன்னாடி."

அன்றைய சாறு முழுவதும் தோட்டத்துக்குப் போனது. அந்த மாதமே வில்ஃப், முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும் ஆஸ்பத்திரி அங்கியில் தள்ளுவண்டி மேல் படுத்திருந்தார். ஆபரேஷன் அறைக் கதவு வந்ததும் டோரீனின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பயமா இருக்கு, டோரீன்."

"எனக்கும்தான்."

"நான் திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஹோரஸ் என் பாய்லரைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு."

டோரீன் அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

"அவர் எங்க தொடுவாரு? பையைத் தூக்கினதுல இடுப்பு பிடிச்சுக்கிட்டதாலதானே அந்தப் பாய்லரையே எனக்கு வித்தாரு."