நைலக்ஸ் கட்டிக்கொண்டு பொட்டு வைத்த கதை

ஆர்வக்கோளாறு என்று ஒரு வியாதி உண்டு. இருபத்தோரு வயதில் எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

எழுபதுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி டெக்னீஷியனாக இருந்தேன். வேலை நிரந்தரமாகுமா என்று தெரியவேண்டிய மாதம் அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, என்னை நம்பித்தான் தம்பியைக் கல்லூரியில் சேர்த்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. (நாங்கள் ராயபுரத்து வேதக்காரர்கள், மாதா கோயில் ஜனங்கள். பொரி, சுண்டல் என்றால் எங்களுக்குத்தான் பக்தி அதிகம்.) ஏசி அறையைத் துடைத்துப் பொட்டு வைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புது நைலக்ஸ் புடவை வேறு.

அங்கே ஒரு புது இயந்திரத்துக்காக வெளிநாட்டிலிருந்து வந்த எலெக்ட்ரானிக் கார்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்தேன். அடியில் கறுப்பாக ஒரு பஞ்சு. இந்தக் கலீஜோடவா சாமி முன்னால் வைப்பது என்று பிய்த்துக் குப்பையில் போட்டேன். கார்டை முந்தானையால் பளபளவென்று தேய்த்து, ஒவ்வொரு சிப்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். தேய்க்கும்போது புடவை சடசடத்தது, கை மயிர் சிலிர்த்தது. அருள் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பூஜை முடிந்து கார்டை மாட்டினால், இயந்திரம் அசையவில்லை. இன்ஜினியர் பத்மநாபன் கார்டை உருவிப் பார்த்தார்.

"பொட்டு வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"எதால துடைச்சே?"

முந்தானையைக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏசி ரூம்ல காத்து காஞ்சு கிடக்கும்மா. நைலக்ஸ் உரசினா உடம்புல மின்சாரம் ஏறும். உனக்கு அது சுருக்குனு ஒரு கடி. சிப்புக்கு உயிரே போயிடும். அது போகக்கூடாதுன்னுதான் கரி கலந்த அந்தப் பஞ்சுல குத்தி அனுப்பினான்."

பிறகு அவரே சொன்னார்: "இன்னொண்ணை நாளைக்கு நீயே மாட்டு. கையில உலோக வளையம் போட்டு, எர்த்தோட சேர்த்துக்கோ. ஓடினா உன் வேலை நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போடறேன்."

ஓடாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டில் இருந்ததெல்லாம் கண்ணாடி வளையல்.

"அழுதுகினு இருந்தா மிஷினு ஓடுமா?" என்றார் அப்பா. "இதுக்குப் போயி இன்னாத்துக்குப் பேஜாராவுற? அம்மாவோட வெள்ளிக் கொலுசு சும்மாத்தான கீது. அத்த மாட்டிக்கினு போ."

மறுநாள் பருத்திப் புடவை, மணிக்கட்டில் இரண்டு சுற்றாகக் கொலுசு. அதிலிருந்து ஒரு ஒயர், நடுவில் என் பாதுகாப்புக்காக இன்ஜினியர் வைத்த ரெசிஸ்டர், மறுமுனை எர்த்தில். கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். இயந்திரம் ஓடியது. அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா முதலில் பெருமையாகச் சொன்னதே இந்தக் கதையைத்தான். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், என் வீட்டுக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு சொல்வார்:

"மொதல்ல போய் ஜன்னல் கம்பியத் தொட்டுட்டு வா. அப்பாலிக்குப் பேசலாம்."