முப்பத்தெட்டு அங்குலத் தகுதி

வண்டியின் டயர் தேய்ந்துவிட்டால் வேறு டயர் மாட்டிக்கொள்ளலாம் என்பது பொதுமக்களிடையே நிலவும் தவறான கருத்து. ஐஸ்லாந்தின் வடக்குப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்க்கும் ஹல்பெராவும் ஐம்பத்தைந்து வயது வரை அந்தக் கருத்தோடுதான் வாழ்ந்துவந்தாள்.

அந்த ஆண்டு மலை மேய்ச்சலிலிருந்து ஊரார் எல்லோருடைய மந்தையும் இறங்கியாயிற்று. ஹல்பெராவின் ஆடுகளில் ஒரு டஜன் மட்டும் வரவில்லை. ஆற்றுக்கு அப்பால் எங்கோ நிற்கின்றன. பெரும்பனி விழுந்துவிட்டால் கோடையில் போய் எலும்பைத்தான் பொறுக்க வேண்டும். ஆற்றைத் தாண்ட அவளிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும். அவளைவிடக் கொஞ்சம்தான் இளையது. டயர்கள் மட்டும் வழுக்கைத் தலைபோல் மின்னின.

டயர் கடைக்காரன் கெஸ்டுர் வண்டிக் கதவில் அடித்திருந்த அளவைத் துடைத்துப் படித்தான்.

“அக்கா, இந்த அளவை இப்ப யாரும் செய்யறதில்ல. நான் பள்ளிக்கூடம் போகும்போதே நிறுத்திட்டாங்க.”

“அதுக்கு அடுத்த அளவு குடு.”

“அதை யாரும் கேக்கறதில்ல, அதனால நான் வைக்கறதில்ல. முப்பத்தெட்டு அங்குலம் இருக்கு, நாப்பத்திநாலு இருக்கு. தலைநகரத்துல பல் டாக்டருங்க எல்லாம் நாப்பத்திநாலுதான் போடறாங்க.”

“பல் டாக்டரு எந்த ஆத்தைத் தாண்டறாரு?”

“நீச்சல் குளத்து வாசல்ல ஒரு மேடு இருக்குல்ல.”

முப்பத்தெட்டில் பேரம் படிந்தது. அந்த டயருக்கு அகலமான ரிம் வேண்டியிருந்தது. ரிம்முக்கு இடம் வேண்டி மட்கார்டை அறுத்தார்கள். அறுத்தது அசிங்கமாக இருந்ததால் அதன்மேல் சக்கரத்தை மூடும்படி கறுப்பாக ஓர் இறக்கை வைத்தார்கள். பிறகு வண்டியையே கட்டை கொடுத்து உயர்த்தினார்கள். ஹல்பெரா சமையலறை முக்காலியைப் போட்டு ஏறி உட்கார்ந்து, தகுதிச் சான்று வாங்கப் பரிசோதனை அலுவலகம் போனாள்.

பரிசோதகர் ஒட்கெய்ர் அவளுக்கு ஒன்றுவிட்ட சித்தி மகன். இருந்தாலும் அலுவலகக் கோட்டைப் போட்டுவிட்டால் அவருக்கு எல்லோரும் ‘நீங்க’தான்.

“ஆவணத்துல இருக்கற டயர் இது இல்லையே.”

“அந்த டயர் உலகத்துலயே இல்ல தம்பி.”

“இருக்கலாம். ஆவணத்துல இருக்கு.”

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ஆவண அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் டயர் பெருத்தால் அது ‘உருமாற்றப்பட்ட வாகனம்’. அதற்குத் தனிச் சான்று. கொட்டகைக்குள் நிறுத்திப் பரிசோதித்தால்தான் அது கிடைக்கும். கொட்டகை வாசலோ உருமாறாத வாகனங்களுக்காகக் கட்டியது. நான்கு விரல் உயரம் போதவில்லை.

“வெளியவே வச்சுப் பாரேன்.”

“வெளிய வச்சுப் பாத்தா அது வேடிக்கை. உள்ள வச்சுப் பாத்தாத்தான் பரிசோதனை.”

பனியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த வேலையை ஹல்பெரா செய்தாள். டயர்களில் காற்றை இறக்கினாள். வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு தாழ்ந்து, ஒருவழியாக உள்ளே நுழைந்தது. ஒட்கெய்ர் சப்பையாகக் கிடந்த டயரை அளந்தார். முகம் வாடிவிட்டது.

“பத்துல ஒரு பங்கு வரலீங்களே. இது உருமாறவே இல்ல. உருமாறாத வண்டிக்கு உருமாற்றச் சான்று கேக்கறது தப்பு.”

“அப்ப சாதாரணச் சான்று குடு.”

“நீங்க அதுக்கு விண்ணப்பிக்கலையே.”

ஹல்பெரா பம்பை எடுத்துக் காற்றடித்தாள். வண்டி எழுந்தது. ஒட்கெய்ரின் முகமும் மலர்ந்தது. மீண்டும் அளந்தார், எல்லா அளவும் பிரமாதம். இனி பிரேக் சோதனை ஒன்றுதான் பாக்கி. அதைச் சாலையில்தான் செய்ய வேண்டும். வண்டி வாசல் உத்தரத்தில் இடித்து நின்றது.

“கொஞ்சம் காத்தை எறக்கி வெளிய எடுத்துடறேன்.”

“எறக்கினா நான் பரிசோதிச்ச வண்டி அது இல்லையே அக்கா,” என்றார் ஒட்கெய்ர். அக்கா என்று வாய் தவறி வந்துவிட்டது. அந்த அளவுக்கு அவரும் வருந்தினார்.

வண்டி கொட்டகையிலேயே நின்றது. அதனால் பள்ளத்தாக்கில் வேறெந்த வண்டியையும் பரிசோதிக்க வழியில்லை. சான்றின் தேதி முடிய முடிய, காவலர் ஒவ்வொரு வண்டியிலும் எண் பலகையைக் கழற்றினார். கடைசியில், நடுநிலையின் பொருட்டு, தம்முடையதிலும். வாசலை உயர்த்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. எவ்வளவு உயர்த்துவது என்பது எவ்வளவு பெரிய டயர் வரும் என்பதைப் பொறுத்தது. ஆகவே முதலில் டயர் அளவை முடிவு செய்ய ஒரு குழு அமைந்தது.

குழு எங்கே கூடும்? அந்த ஊரில் எல்லா விவகாரமும் எங்கே கூடுமோ அங்கேதான்: நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில். எல்லோரும் பனியில் நடந்தே வந்து, கழுத்தளவு சுடுநீரில் உட்கார்ந்து பேசினார்கள். ஹல்பெரா முதல் நாள் சண்டை போடத்தான் வந்தாள்.

“என் ஆடு சாகப்போகுது. இங்க என்ன ஊறிக்கிட்டு இருக்கீங்க?”

“அதுக்குத்தானே அக்கா உக்காந்திருக்கோம். நீ சொல்லு, முப்பத்தெட்டு போதுமா?” என்றார் தொட்டியில் இருந்த ஒருவர்.

அவளை இதுவரை யாரும் இப்படி ஒரு கருத்துக் கேட்டதில்லை. சொன்னாள். மறுநாளும் கேட்டார்கள். உருமாற்ற அனுபவம் உள்ள ஒரே ஆள் என்பதால் நான்காம் நாள் அவளையே தலைவியாக்கினார்கள். ரிம்மின் அகலம், காற்றின் அளவு, இறக்கையின் நீளம் என்று அவள் பேசப் பேசத் தொட்டியில் ஒருவரும் அசையவில்லை. “கூட்டம் இருக்கும்போது ஆட்டைப் பத்திப் பேசாதீங்க,” என்று ஒருமுறை அவளே ஒருவரை அடக்கினாள்.

பெரும்பனி விழுந்த மாலையில், குளத்து வேலிக்கு அப்பால் ஏதோ அசைந்தது. முதுகெல்லாம் பனியோடு ஒரு டஜன் ஆடுகள், ஆற்றை எங்கோ கடந்து, தாமாகவே இறங்கி வந்து நின்றன. கெஸ்டுர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

“வலது காது நடுவுல வெட்டு, இடது காது நுனி அறுப்பு. அக்கா, இது உங்க பண்ணை அடையாளமாச்சே.”

ஹல்பெரா நீண்ட நேரம் பார்த்தாள். முன்னால் நின்ற கிழ ஆடும் அவளைப் பார்த்தது.

“இருக்காது,” என்றாள். “என் ஆடு ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது. அதைக் கொண்டுவர வேண்டிய வண்டிக்கு இன்னும் சான்று வரல.”

“நியாயந்தான்,” என்றார் ஒட்கெய்ர். காவலரும் தலையாட்டினார்.

ஆடுகள் சற்று நின்றுவிட்டு ஹல்பெராவின் பண்ணைப் பாதையில் திரும்பி நடந்தன. அங்கே கொட்டில் கதவைத் திறந்துவிட ஆளில்லை. ஊரில் இருந்த எல்லோரும் தொட்டியில் இருந்தார்கள். முப்பத்தொன்பதரை அங்குலத்துக்கு ஆதரவாகக் கெஸ்டுர் பேச எழுந்தான்.