தேவைக்கேற்ற மிதிபடகு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று நடந்ததென்றால், எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் கயாக் தேர்ந்தெடுத்ததுதான். சங்கச் செயலாளர் என்ற முறையில் அந்தச் சரித்திரத்தைப் பதிவு செய்யும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் குடியிருப்பு ஏரிக்குப் பக்கத்தில், ஏரியைவிடச் சற்றுப் 'பணிவாக'க் கட்டப்பட்டது. பெருமழை பெய்தால் நாங்கள் ஏரியைப் பார்க்கப் போக வேண்டியதில்லை, ஏரியே எங்களைப் பார்க்க வந்துவிடும். மாடிக்காரர்கள் ஜன்னலில் நின்று வரவேற்போம். தரைத்தளத்துத் தையற்காரம்மா மட்டும், மெஷினைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு, படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரை எந்த மேசைமேல் வைப்பது என்று தெரியாமல் நிற்பார். இந்த அவலத்தைத் துடைத்தெறியத்தான் மீட்புப் படகு வாங்குவதென்று சங்கம் முடிவு செய்தது.

அதிலும் சாதாரணப் படகு அல்ல. கயாக். ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். இந்த ரகத்துக்குத் துடுப்பு போட வேண்டாம். உட்கார்ந்தபடி சைக்கிள்போல மிதித்தால் போகும்.

"கை சும்மா இருக்கும், ஆனா வேலை நடக்கும். நம்ம சங்கத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார் தலைவர். அவரை நாங்கள் 'தீர்மானம்' என்போம். தும்மினால்கூட முன்மொழிந்துவிட்டுத்தான் தும்முவார்.

முதல் கூட்டத்தில் 'தேவை' என்றால் என்ன என்று விவாதித்தோம். முடிவுக்கு வர முடியாததால் அது துணைக்குழுவுக்குப் போனது. இரண்டாவது கூட்டத்துக்குப் படகுக் கடைக்காரரை அழைத்தோம்.

"ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணுல, அடியில மீன் செட்டை மாதிரி ரெண்டு தகடு ஆடும். இன்னொண்ணுல விசிறி சுத்தும். விசிறியா இருந்தா, பின்னாடி மிதிச்சா பின்னாடியே போகும்."

"விசிறியே இருக்கட்டும். தலைமைக்குப் பின்வாங்குற வசதி முக்கியம்."

"ஆனா தண்ணி முழங்கால் ஆழமாவது இருக்கணும். இல்லாட்டி விசிறி தரையில முட்டும்."

"அதுக்குக் கம்மியா வர்ற வெள்ளத்தை வெள்ளம்னு சங்கம் ஒத்துக்காது" என்றார் தலைவர். குறித்துக்கொண்டேன்.

தையற்காரம்மா எழுந்து, "அதுல எங்க மாமனாரைப் படுக்க வெக்க முடியுமா?" என்று கேட்டார்.

"நாங்க தொழில்நுட்பம் பேசிட்டிருக்கோம்மா. நடுவுல ஆளுங்களைப் பத்தியெல்லாம் பேசினா குழப்பமாயிடும்" என்றார் தலைவர்.

இருவர் போகும் கயாக்கும் இருந்தது. ஆனால் இருவரும் ஒரே திசையில் மிதிக்க வேண்டுமாம். அப்படிப்பட்ட இருவர் எங்கள் சங்கத்தில் இதுவரை அகப்பட்டதில்லை. எனவே ஒருவர் போகும் படகே ஒருமனதாகத் தேர்வானது. மெத்தை இருக்கை, தம்ளர் வைக்கக் குழி, தலைக்குமேல் குடை எல்லாம் உண்டு.

படகு வந்ததும் தரைத்தளத்துச் சங்க அறையில் இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்தோம். தலைவர் 'சோதனைக்காக' ஏறி உட்கார்ந்தார். பிறகு இறங்கவில்லை. எந்த இருக்கையிலும் அவர் அப்படித்தான். அடுத்த கூட்டங்களுக்கெல்லாம் மிதித்தபடியே தலைமை தாங்கினார். விசிறிக் காற்று முன்வரிசைக்கு இதமாக இருந்தது.

படகுக்கு என்ன நிறம் பூசலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. நீலமா பச்சையா என்பதில் நாங்கள் மூழ்கியிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பெஞ்சும் மூழ்கியது. தலைவர் மட்டும் மிதந்தார்.

"செயலாளரே, நான் நிலைமையை நேர்ல ஆய்வு பண்ணிட்டு வந்துடறேன்."

"எப்ப வருவீங்க?"

"ஆய்வு முடிஞ்சதும்."

தையற்காரம்மாவின் ஜன்னல் பக்கம் போனபோது வேகத்தைக் குறைத்தார். "மாமனார் எப்படி இருக்கார்?"

"கட்டில் கால் முங்கிடுச்சுங்க. கொஞ்சம் கை குடுத்தா..."

"கவனத்துல எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாசல் கேட்டைத் தாண்டி, பாலத்துப் பக்கம் மிதித்து மறைந்தார். எல்லோருக்கும் அழகாகத் தண்ணி காட்டிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

உடனே படிக்கட்டில் நின்று அவசரக் கூட்டம் கூட்டினேன். பெரியவரை யார் தூக்குவது, எந்த வீட்டில் வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்று மூன்று அம்சங்கள். ஆனால் தலைவர் இல்லாத கூட்டம் செல்லாது. செல்லாத கூட்டத்தில் தீர்மானம் போட முடியாது. இதை நான் விதி எண்ணோடு விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி என்னைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டுக் கீழே போனாள். மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் தரைத்தளத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினார். சுவிட்ச் பெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. நாலு பேர் கட்டிலோடு பெரியவரைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி மேலே போனார்கள்.

"தூக்குறதுக்கு முன்மொழிவு வரலையே" என்றேன்.

"வழி விடுங்க, அது போதும்" என்றாள் மனைவி.

பெரியவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்தார். தையல் மெஷின் எதிர்வீட்டுக்குப் போனது. மாடிக் கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன. ஒரு தீர்மானமும் இல்லாமல் தரைத்தளம் முழுக்கக் காலியாகிவிட்டது. இந்த விதிமீறலை நான் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு தலைவர் வேனில் திரும்பினார். படகு வேனின் மேல் வந்தது. பாலத்துக்கு அப்பால் ஒரு விடுதியின் மூன்றாம் மாடியிலிருந்து நிலைமையை இடைவிடாமல் கவனித்தாராம். "குலுங்கவே இல்ல" என்று படகைப் பாராட்டினார். உடனே அவருக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். மீட்கப்பட்டவர்கள் சார்பில் தையற்காரம்மா பேசினார்.

"தலைவர் படகுல கிளம்பிப் போனதாலதான் இன்னைக்கு எங்க மாமனார் உயிரோட இருக்கார்."

பலத்த கைதட்டல். தலைவர் எழுந்து கும்பிட்டார்.

"அவர் இருந்திருந்தா கூட்டம் நடந்திருக்கும்."

கைதட்டல் இன்னும் பலத்தது. தலைவர் இன்னொரு முறை கும்பிட்டார்.

"அதனால இன்னொரு படகு வாங்கணும்னு கேட்டுக்கறேன். அதுவும் ஒருத்தர் போறதுதான். நம்ம செயலாளருக்கு."

என் மனைவி வழிமொழிந்தாள். விவாதமே இல்லை. எங்கள் சங்க வரலாற்றில் துணைக்குழுவுக்குப் போகாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆண்டுச் சேவையை ஜனங்கள் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். "என் தேவைக்கு எந்த மாதிரிப் படகு பொருத்தமா இருக்கும்னு நினைக்கிற?"

அவள் பெரியவருக்குப் போர்வையைச் சரிசெய்தபடியே சொன்னாள்.

"கிளம்பினா திரும்பி வர எவ்வளவு நாளாகும்னு கடைக்காரர்கிட்ட கேளுங்க. எதுல ரொம்ப நாளாகுமோ, அதை எடுத்துக்குங்க."