புல்டோசருக்கு எங்கெல்லாம் சந்தனம் வைத்தீர்கள்?

பாயா ரும்புட்,
புதன் இரவு.

மதிப்பிற்குரிய பவானேஸ்வரி அண்ணிக்கு, தேவிஸ்ரீ வணங்கி எழுதுவது.

இரவு ஒன்றரை மணிக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். வாணி இப்போதுதான் தூங்கினாள். உங்கள் தம்பிக்குக் குருபோங் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். நாங்கள் மூவரும் சுகம். அங்கே அண்ணனும் பிள்ளைகளும் கொழுகொழுவென்று இருக்க வேண்டும், உங்கள் கோபம் மட்டும் கொஞ்சம் இளைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால்தான் காகிதம். காலையில் மீன் வாங்க உங்கள் தஞ்சோங் கிளிங் பக்கம் வரும் பக்கத்து வீட்டு ஹனீஃப் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் உங்கள் தம்பி வாங்கி வந்த அந்தப் பழைய புல்டோசர்தான். ஆயுத பூஜையன்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்தச் சனியன் வாசல விட்டு நகர்ற வரைக்கும் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்!" வருகிற ஞாயிறு வாணிக்குக் காது குத்து. அவளுக்கு இருப்பது ஒரே அத்தை. அத்தை மடியில்லாமல் என் பிள்ளை காதில் ஊசி படாது, அதனால் சனியனை நகர்த்தியே தீருவது என்று முடிவுசெய்துவிட்டேன்.

உங்கள் தம்பி பேசியது தப்புதான். நன்றாக ஓடி வாசலுக்கு வந்த வண்டி, பூஜை முடிந்ததும் கிளம்பாமல் நின்றால், "அக்கா, நீ பூசுன சந்தனத்துலயே அதுக்கு வயிறு ரொம்பிருச்சு, இனி எழுந்திரிக்காது லா" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லலாமா? நானும் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

இழுத்துப் போட ஆள் கூப்பிட்டேன். லாரிக்காரர் வந்து சுற்றிப் பார்த்து, "அஞ்சு டன்னு, ஆள விடுங்கம்மா" என்று போய்விட்டார். சரி, நாமே கிளப்புவோம் என்று இறங்கினேன். நான் படித்தது தாவரவியல், ஆனாலும் பத்து நாளாக வாணி தூங்கும் நேரமெல்லாம் எனக்கு இதே படிப்பு. அந்த வண்டியின் பெரிய டீசல் எஞ்சினை எழுப்புவதற்கென்றே முதுகில் ஒரு குட்டிப் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது, குட்டியை எழுப்பக் கயிறு சுற்றி இழுக்க வேண்டும், இழுத்தால் மேக்னெட்டோ என்கிற பெட்டிக்குள் காந்தம் சுழன்று பேட்டரி இல்லாமலே தீப்பொறி வர வேண்டும், அதுதான் வரவில்லை. பிளக்கைக் கழற்றி இடுக்கியால் இரும்போடு சேர்த்துப் பிடித்தேன், ஹனீஃப் அண்ணன் கயிறு இழுத்தார், உள்ளே ஸ்பிரிங் 'டக்' என்கிறது, பிளக்கில் ஒரு நீலப் புள்ளிகூட இல்லை, புது பிளக் போட்டேன், அதிலும் இல்லை. "தங்கச்சி, மூணு கயிறு அறுந்துருச்சு, நாலாவது என் இடுப்பு. இத மியூசியத்துக்குக் குடுத்துருங்க லா" என்றார். ஜன்னலில் அவர் மனைவி ரம்லா அக்கா, "ஒரு கேஸ் தோம்பு தூக்கச் சொன்னா குப்புறப் படுக்குற மனுஷன், அடுத்த வீட்டு புல்டோசர இழுக்க மட்டும் வந்துருவாரு!" என்று கத்தினார். மேக்னெட்டோவின் மூடியைத் திறந்தேன். உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு சின்ன முனைகள், தடித்த காகிதம் நுழைகிற இடைவெளி, அந்த இடைவெளியில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அண்ணி, என் கல்யாணத்தில்கூட எனக்கு யாரும் அவ்வளவு லட்சணமாகப் பொட்டு வைக்கவில்லை!

பூஜைக்காக உங்கள் தம்பி மூடியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார், நீங்கள் பக்தியோடு வைத்தீர்கள், குற்றம் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையைக் கீற்றாக வெட்டி உள்ளே விட்டு எடுத்தேன், பத்திரிகை மஞ்சளானது, தீப்பொறி வரவில்லை. மழை ஈரமாக இருக்கும் என்று மூடியை ஓர் இரவு அரிசித் தோம்புக்குள் புதைத்தேன், மறுநாள் சோறு கிரீஸ் வாசம், தீப்பொறி வரவில்லை. பிளக் வயர் செருகும் குழிக்குள் ஒரு பொட்டு, காந்தத்தின் பின்னால் ஒரு பொட்டு. இதுவரை பதினொன்று எடுத்துவிட்டேன். இன்னும் எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது, அதுதான் ஆளைக் கெடுக்கிறது. ஆகவே அண்ணி, கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்து, எங்கெங்கே வைத்தீர்கள் என்று ஞாபகப்படுத்தி ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அடுத்த பூஜைக்கு வெளியே மட்டும் வைத்தால் போதும் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு வாணியின் எச்சில் முத்தங்கள். எல்லாரையும் அம்மன் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கை முழுக்கக் கிரீஸோடு,
தேவிஸ்ரீ

பி.கு.: காலை எட்டு மணி. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். தூக்கம் வராமல் டார்ச்சோடு போய்ப் பன்னிரண்டாவது பொட்டைத் தேடினேன். மேக்னெட்டோவின் பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகு. அது இரும்பைத் தொட்டால் தீப்பொறி செத்துவிடும், எஞ்சினை நிறுத்துகிற வழியே அதுதான். அந்தத் திருகில் ஒரு சுற்றும் பக்கத்து இரும்பில் ஒரு சுற்றுமாக மெல்லிய செம்புக் கம்பி, அதில் காய்ந்த மாவிலைக் காம்பு. பூஜையன்று வண்டிக்குத் தோரணம் கட்டியவள் நான்தான் அண்ணி. இலையைப் பிய்த்தவள் கம்பியை விட்டுவிட்டேன். நீங்கள் ஒரு பொட்டுகூட வைக்காமல் இருந்திருந்தாலும் அது அன்றைக்குக் கிளம்பியிருக்காது.

கம்பியை அவிழ்த்தேன், ஷிஃப்ட் முடிந்து வந்த உங்கள் தம்பி இரண்டாவது இழுப்பில் கிளப்பிவிட்டார். வண்டி இருபதடி போய், டீசல் தீர்ந்து, ஹனீஃப் அண்ணன் வாசலுக்கு நேராக நிற்கிறது. அவருடைய வேன் வெளியே வர முடியாது. ரம்லா அக்கா சொல்வதை இங்கே எழுத முடியாது. ஆகவே கடிதத்தை உங்கள் தம்பியே மோட்டார் சைக்கிளில் கொண்டுவருகிறார். அன்று சொன்னதற்கு மன்னிப்பும் அவர் வாயாலேயே கேட்பார், கேட்காவிட்டால் உள்ளே விடாதீர்கள்.

எங்கள் வாசல் காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா அண்ணி? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.