தெருவே அறிந்த பாஸ்வேர்டு

நெசவாளி வீட்டில் பிறந்தவன் எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாலும், புடவையின் நீளவாட்டு இழைகளான பாவைத் தெருவில் நீட்டுகிற நாளில் லீவு போட்டே ஆக வேண்டும். சென்னையில் எனக்கு வேலை கிடைத்த புதிது. தினமும் ஒன்பது மணிக்குள் அலுவலக சர்வர்களில் இருப்பதையெல்லாம் நகலெடுத்து வைப்பது என் பொறுப்பு.

"லீவன்னைக்கும் எங்க ஊரு ஆரணியிலேர்ந்தே முடிச்சிடுவேன் சார். ஸ்கிரிப்ட் எழுதிட்டேன், தானா ஓடும்" என்று மேலாளரிடம் பீற்றினேன்.

"ஓடலைன்னா திங்கட்கிழமை நீ வர வேணாம்" என்றார் அவர்.

பாவு நாளன்று காலையில் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் குட்டி புரோகிராமை ஓடவிட்டுத் தெருவுக்குப் போய்ப் பாவின் ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையில் நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). பிடியை விட்டால் பட்டு இழையெல்லாம் சிக்கி, ஒரு கல்யாணப் புடவையே காலி.

"தம்பீ! மெஷினு பாஸ்வேர்டு கேட்டுகினு நிக்குது!" என்று வாசலிலிருந்து அண்ணி கத்தினார்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலேயே எழுதித்தான் வைத்திருந்தேன். அந்தப் பாழாய்ப்போனது, ஆள் உட்கார்ந்து கீபோர்டில் அடித்தால்தான் ஏற்பேன் என்று அடம்பிடித்துவிட்டது. (முன்னாடியே ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேதைகள் எங்கே ஓட்டிப் பார்க்கிறார்கள்?)

"நைனா, ஒரு நிமிஷம் போய்ட்டு..."

"உட்டுட்டு நகுந்த, கால ஒடிச்சிடுவேன்!"

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "சிடுமூஞ்சி நைனா!"

"அய்யய்யோ, அவர ஏன் திட்ற? பாஸ்வேர்ட சொல்லு!"

"அதான் அண்ணி பாஸ்வேர்டு! இங்கிலீஷ்ல, இடம் உடாம அடிங்க!"

"அடிச்சா ஒண்ணுமே தெரியலியே!"

"தெரியாது அண்ணி! அடிச்சிட்டு என்டர் தட்டுங்க!"

முதல் சர்வர் வழிவிட்டது. எனக்கு உயிர் வந்தது. உடனே இரண்டாவது கேட்டது. "அதே சிடுமூஞ்சி நைனாதானா?" என்றார் அண்ணி. மூன்றாவது கேட்டபோது, கூடப் பாவு பிடித்திருந்த அக்கம்பக்கத்தாரே எனக்காகக் கோரஸாகப் பதில் சொல்லிவிட்டார்கள். நைனா பிடியை இன்னும் இறுக்கினார்.

ஒன்பதுக்குள் நகல் முடிந்தது. வேலை பிழைத்தது. பாவைச் சுருட்டி வைத்துவிட்டு நைனா என்னை நோக்கி வந்தார். முதுகைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

"ஜல்தியா மாத்துடா" என்றார். "தெருவுக்கே தெரிஞ்சிபோச்சி."

பாஸ்வேர்டே கேட்காதபடி ஸ்கிரிப்ட் எழுத அப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் ஆரணியிலிருந்து போன் வந்தால், எடுத்தவுடன் அதே கறாரான குரல்:

"டேய், பாஸ்வேர்டு பேசறேன்."