இசைத்தட்டை நாடு கடத்தியவர்

இனி இந்த வீட்டில் ஒன்று அந்த இசைத்தட்டு இருக்க வேண்டும், அல்லது தான் இருக்க வேண்டும் என்று லிஃப்ட் மெக்கானிக் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுத்தார். எடுத்த கையோடு அதில் ஒரு சிறு திருத்தமும் செய்தார். தான் போனால் சோற்றுக்கு வழியில்லை. ஆகவே தட்டு போவதுதான் முறை.

தட்டு அவர் மனைவியுடையது. கல்யாணமாகி வந்தபோது இரண்டு பெட்டி துணியோடும் மருந்தியல் பட்டத்தோடும் அதையும் கொண்டு வந்திருந்தாள். உலகம் சுற்றிப் பாடும் ஐந்து பேர் கொண்ட ஓர் ஆங்கிலக் குழுவின் சிறந்த பாடல்கள், பன்னிரண்டு. ராக் இசைதான், ஆனால் யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று கவலைப்படுகிற ராக். அட்டைப் படத்தில் ஐந்து பேருக்கும் தோள் வரை முடி. இப்போது ஐந்து பேருடைய முடியையும் சேர்த்தால் ஒரு தலைக்குத் தேறலாம். ஆனாலும் பாடுவதை விடவில்லை. பத்து வருஷத்தில் இரண்டு முறை கடைசிக் கச்சேரி நடத்திவிட்டார்கள்.

மனைவி மருந்துக் கடை நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்று காலை எட்டு மணிக்கு அந்தத் தட்டு சுற்ற ஆரம்பிக்கும். இருபது வருஷமாக இதில் மாற்றமில்லை.

மெக்கானிக்குக்கு இதில் ஒரு கௌரவப் பிரச்சினை இருந்தது. "நாம இரும்போட வேலை செய்யறவன். கேக்கற பாட்டும் இரும்பு மாதிரி இருக்கணும். இதெல்லாம் பஞ்சு மிட்டாய்" என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கௌரவம்தான் வெள்ளிக்கிழமை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிப்போனது.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர். மெக்கானிக் ஐந்தாவது மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, குப்புறப் படுத்து, வேலை பார்த்தார். பார்க்கும்போது தன்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்தார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல் அதோடு சேர்ந்துகொண்டது. அடுத்து ஒரு சின்னப் பெண்ணின் குரல். பிறகு இரண்டு பேர். அப்போதுதான் தான் பாடிக்கொண்டிருப்பது ஏழாவது பாட்டு என்று அவருக்கு உறைத்தது. லிஃப்ட் மேலே வந்து கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க, இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கு" என்றார் கிழவர்.

பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். நாலாவதாக இறங்கிய மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்களும் அவங்க ரசிகரா? சொல்லவே இல்லையே."

மறுநாள் காலை மனைவி கடைக்குப் போனதும் மெக்கானிக் காரியத்தில் இறங்கினார். உறையை அலமாரியிலேயே விட்டுவிட்டு, தட்டை மட்டும் உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பக்கத்து வீட்டில் ஒப்படைப்பது திட்டம். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். குடியிருப்பு முழுவதற்கும் அவர் பூகோளம் சார்.

வாசலைத் திறந்தால் எதிரே மனைவி.

"கண்ணாடியை மறந்துட்டேன்" என்றாள். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க, ஏன் இப்படி விறைப்பா நிக்கறீங்க?"

"முதுகு பிடிச்சிருக்கு."

"முதுகுன்னா பின்னாடி இல்ல இருக்கும்?"

"முன்னாடி வரைக்கும் பரவிடுச்சு."

"குனிஞ்சு காட்டுங்க பாப்போம்."

"குனிஞ்சா உடைஞ்சிடும்."

"முதுகா?"

"வேற என்ன?"

அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். "சாயங்காலம் பிளாஸ்திரி கொண்டு வரேன். அதுவரைக்கும் குனியாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மெக்கானிக்குக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது.

பூகோளம் சார் தட்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதை என்ன தம்பி பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். கண்ணுல படாம வச்சிருங்க. கொஞ்ச நாள்ல அவளே மறந்துடுவா."

ஞாயிறு காலை எட்டு மணி. மனைவி உறைக்குள் கையை விட்டாள். கை வெறுமனே வந்தது. மெக்கானிக் செய்தித்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தட்டைக் காணோமே."

"அப்படியா?"

"போகட்டும். இருபது வருஷமா சுத்தின தட்டு. அதுக்கே தலை சுத்தி எங்கயாவது போயிருக்கும்" என்றாள். ஒரு குறுக்கெழுத்துப் புதிரை எடுத்துக்கொண்டு சோபாவில் காலை நீட்டினாள்.

அவ்வளவுதான். போராட்டமில்லை, கண்ணீரில்லை. இவ்வளவு சுலபமாக ஜெயிக்கலாம் என்று தெரிந்திருந்தால் இருபது வருஷம் முன்பே ஜெயித்திருக்கலாமே என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. வீடு நிசப்தமாக இருந்தது. பத்து மணி வரை நன்றாகத்தான் இருந்தது. பதினொரு மணிக்குக் காப்பி குடிக்க டம்ளர் தேடினார். அலமாரியில் ஒன்றுமில்லை. எல்லாம் தொட்டியில் குவிந்து கிடந்தது. கொடியில் நேற்றைய துணி மடிக்கப்படாமல் ஆடியது.

"ஏம்மா, பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கே."

"ஆமாங்க, கிடக்கு."

"ஞாயித்துக்கிழமைன்னா இந்நேரம் பளபளன்னு இருக்குமே."

"இருக்கும்" என்றாள் மனைவி, புதிரிலிருந்து தலையைத் தூக்காமல். "இன்னிக்கு என்னவோ தெரியல, நடக்கல. மூணெழுத்து, ஏமாந்தவன்னு போட்டிருக்கு. என்னவா இருக்கும்?"

அவருக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் மெக்கானிக்குக்கு எதுவும் ஓடவில்லை. லிஃப்ட் ஓடியது, அவர் நின்றார். தன்னுடைய இரும்புப் பாட்டுகளில் ஒன்றை முணுமுணுத்துப் பார்த்தார். அது முணுமுணுக்கிற பாட்டில்லை, கத்துகிற பாட்டு. உயரத்தில் நின்று கத்தினால் கீழே இருப்பவர்கள் ஏணியைப் பிடிக்க ஓடி வருகிறார்கள். அந்த ஐந்து கிழவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தார். என்ன பெரிதாகச் சொல்லிவிட்டார்கள்? ஒருத்தன் மழையில் நிற்கிறான், அவள் கதவைத் திறக்கவில்லை, பரவாயில்லை நாளைக்கு வருகிறேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. ஆனால் அந்தப் பரவாயில்லையை அவன் இழுக்கிற இழுப்பில், கேட்கிறவனுக்கும் நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் போல இருக்கும். திங்கள் முதல் சனி வரை மெக்கானிக்குக்கு எதுவும் சரியாகிவிடும் போல இல்லை.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் பாட்டு முழுச் சத்தத்தில் கேட்டது.

மெக்கானிக் பூகோளம் சார் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த பூகோளம் சாரின் இடுப்பில் ஒரு பூப்போட்ட துணி. முழங்கை வரை சோப்பு நுரை. முகத்தில் தவம் பலித்த களை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி முக்காலியில் காலை வைத்துச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தத் தட்டு..."

"உஷ். மூணாவது பாட்டு வருது."

"அதைத் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் மலை, நதி, பாலைவனம்னு பாடம் எடுத்திருக்கேன். இப்படி ஒரு கடல் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. தர மாட்டேன்."

"அது என் மனைவியோட தட்டு."

"அப்போ அவங்களை வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார் பூகோளம் சார். ஒரு கரண்டியைத் தாளத்துக்குத் துடைத்தபடி கதவைச் சாத்தினார்.

எப்படிக் கேட்கச் சொல்வது? மெக்கானிக் நேரே கடைத்தெருவுக்குப் போனார். இசைத்தட்டு விற்கிற கடையில் நடுவயதுப் பெண் ஒருத்தி கல்லாவில் இருந்தாள். அவர் குழுவின் பெயரைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி எடுத்தாள்.

"இப்பவும் இதை வாங்கறாங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு போகும். புதுசா வர்றதெல்லாம் ஒரு மாசத்துல தூசி. இது தலைவலி மாத்திரை மாதிரி சார். யாரும் பெருமையா சொல்லி வாங்க மாட்டாங்க, ஆனா எல்லார் வீட்டு டிராயர்லயும் இருக்கும். உங்களுக்கா?"

"ஒரு நண்பருக்கு."

"எல்லாரும் நண்பருக்குத்தான் வாங்கறாங்க. அந்த நண்பரை ஒரு நாள் நான் பாக்கணும்" என்றாள். "இது புதுப் பதிப்பு, ரெண்டு தட்டு. ஆறு பாட்டு கூடுதலா சேர்த்திருக்காங்க."

வீட்டுக்கு வந்து மெக்கானிக் மனைவி முன்னால் பொட்டலத்தை வைத்தார். வரும் வழியில் மூன்று பொய் தயார் செய்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூன்றும் இறங்கிப் போய்விட்டன.

"பழைய தட்டை நான்தான் எடுத்தேன்."

"தெரியும். பூகோளம் சார் வீட்டுல இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"சட்டைக்குள்ள வட்டமா தெரிஞ்சுது. முதுகு பிடிச்சா வட்டமாவா வீங்கும்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"ஏன் கேக்கணும்? பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வருஷமா என்னைக் கேட்டுட்டிருக்காங்க, உன் வீட்டுக்காரர் மட்டும் ஞாயித்துக்கிழமை எப்படி இவ்வளவு வேலை செய்யறார்னு. நான் சொன்னேன், எங்க வீட்டுல தட்டு சுத்துச்சுன்னா தட்டு சுத்தமாயிடும் அக்கான்னு. அவங்க நம்பல. எப்படி இரவல் கொடுக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். நீங்களே கொண்டு போய்க் கொடுத்துட்டீங்க."

மெக்கானிக் சோபாவில் உட்கார்ந்தார். மனசுக்குள் தட்டை ஓட்டிப் பார்த்தார். முதல் பாட்டு, தொட்டி. மூன்றாவது பாட்டு, அடுப்பு மேடை. மழையில் நிற்கிறவன் வரும்போது தான் துணி மடித்துக்கொண்டிருப்பது இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஏழாவது பாட்டில் தரை. இருபது வருஷத் தரை.

"அப்போ நீ இதைப் போடறது என்னை வேலை வாங்கத்தானா? உனக்குப் பாட்டு பிடிக்காதா?"

அவள் அட்டையில் இருந்த ஐந்து பேரையும் பார்த்தாள்.

"பிடிக்காமலா? வாரத்துல ஆறு நாள் கடையில நிக்கறேன். வர்றவங்க யாருக்காவது வலி, இல்லாட்டி அவசரம், இல்லாட்டி கோபம். இவங்க கத்தவே மாட்டாங்க. எல்லாத்தையும் இழந்துட்டேன்னு சொல்றதைக்கூட மெதுவாத்தான் சொல்லுவாங்க. அதைக் கேட்டுட்டு உக்காந்திருந்தா போதும்னு இருக்கும். முதல் மாசம் நான் உக்காந்து கேட்டுட்டிருந்தேன், நீங்களா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினீங்க. நல்லா இருந்துச்சு. எதுக்குத் தடுக்கணும்?"

ஆனாலும் ஆண்பிள்ளை ஒருவன் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இனிமே நானும் உக்காந்துதான் கேப்பேன். கையைக் கட்டிட்டு."

"தாராளமா" என்றாள் மனைவி.

அந்த மாதக் கடைசியில் குழு தன் மூன்றாவது கடைசிக் கச்சேரிக்கு ஊருக்கு வந்தது. ஞாயிறு பிற்பகல், விளையாட்டு அரங்கில். மனைவி இரண்டு சீட்டு வாங்கி வந்திருந்தாள். மெக்கானிக் சட்டை மாற்றத் தயாரானபோது பக்கத்து வீட்டு அக்கா புதுச் செருப்போடு வாசலில் வந்து நின்றார்.

"நாங்க ரெண்டு பேரும் போறோம்" என்றாள் மனைவி. "நீங்க வீட்டுல புதுத் தட்டைக் கேளுங்க. கையைக் கட்டிட்டு."

அவர்கள் போனதும் மெக்கானிக் தட்டைப் போட்டார். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து கையை இறுகக் கட்டிக்கொண்டார். முதல் பாட்டில் விரல் துடித்தது, அடக்கினார். மூன்றாவது பாட்டில் கால் சமையலறைப் பக்கம் இழுத்தது, கால் மேல் கால் போட்டு அமர்த்தினார். ஏழாவது பாட்டையே உட்கார்ந்து தாண்டிவிட்டார். பன்னிரண்டும் முடிந்தன. வீட்டில் ஒரு டம்ளர்கூட நகரவில்லை. மெக்கானிக் தன் தோளைத் தானே தட்டிக்கொடுத்துவிட்டு இரண்டாவது தட்டைப் போட்டார். பழகாத பாட்டு, பயமில்லை என்று கட்டிய கையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

ஆறாவது கூடுதல் பாட்டு பாதியில் இருக்கும்போது அவர் ஈரத்துணியோடு ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். அலமாரியின் உச்சி, வருஷக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத இடம். அங்கே தூசியின் மேல், தூசி படியாத ஒரு காகிதம் மனைவியின் கையெழுத்தில் இருந்தது: "இதை முடிச்சிட்டு ஜன்னலையும் பாத்துடுங்க."